ஆள் விட்டுச் சொன்ன சாவு

அபரஞ்சி செத்துப்போன செய்தி திருப்பரங்குன்றத்துக்குக் காலை ரயிலில் வந்தது. பட்டணத்துப் பேப்பர், மூன்றாம் பக்கம், மூலையில் நாலு வரி. சினிமா நட்சத்திரம் டி. எம். அபரஞ்சி, வயது இருபத்தெட்டு, விஷ ஜுரத்தில் காலமானார், நேற்றுக் காலை தகனம் நடந்தது. மேலே பெரிய எழுத்தில் யுத்தச் செய்தி, பக்கத்தில் பல்பொடி விளம்பரம். அந்தப் பேப்பர்காரன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. பல்பொடிக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது அவளுக்குக் கொடுத்திருக்கலாம்.

என் பெயர் ஹாலாஸ்யம். அந்த நாளில், அதாவது நாற்பத்தைந்தாம் வருஷம், திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே கண்மாய்க்கரையை ஒட்டி ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. அதில் டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. கூடாரத்துக்குள் முன்னால் மணல், பின்னால் பெஞ்சு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்சுவர். பத்தாவது தேறாத பிராமணப் பிள்ளைக்கு இந்தப் பிழைப்புதான் லாயக்கு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அபரஞ்சியை வாரத்துக்கு ஏழு நாளும் பார்த்தவன் அவர்களில் யார்?

அவள் அழகி என்று சொல்ல மாட்டேன். அவளைவிட அழகிகள் நாலைந்து பேர் அப்போதே இருந்தார்கள். ஆனால் மற்ற நடிகைகள் அழுதால் கண் மட்டும்தான் அழும். அபரஞ்சி அழுதால் மூக்கும் அழும். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒருதரம் உறிஞ்சிவிட்டு, அப்புறம்தான் அடுத்த வசனம் பேசுவாள். களையெடுத்துவிட்டு ஐந்து மைல் நடந்துவந்து மணலில் உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளைகளுக்கு அது போதும். பெண்கள் பக்கத்திலிருந்து அத்தனை மூக்கும் சேர்ந்து உறிஞ்சுகிற சத்தம் டிக்கெட் அறை வரைக்கும் கேட்கும்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் நாலு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டேன். சாவுச் செய்தி கேட்டால் தலைமுழுகுவது எங்கள் வழக்கம். என் மனைவி வாலாம்பாள் துண்டோடு வந்து நின்றாள்.

"யார் போய்ட்டா?"

"தூரத்துச் சொந்தம்."

"எந்த ஊர்?"

"பட்டணம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டணத்தில் எங்களுக்குச் சொந்தம் யாரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். துண்டை என் தோளில் போட்டுவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

டாக்கீஸில் அப்போது ஓடிக்கொண்டிருந்ததும் அவள் படம்தான். முதலாளி ஒரு வழக்கு விஷயமாகத் திண்டுக்கல் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் அன்றைக்கு ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு ஆட்டமாக ஓட்டியிருப்பார். அவர் இல்லாத தைரியத்தில் நான் ஒரு முடிவு எடுத்தேன். இன்றைக்கும் நாளைக்கும் ஆட்டம் கிடையாது. ஆனால் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் தெரியாமல் நடந்து வந்து ஏமாந்து போவார்களே, அவர்களுக்கு எப்படிச் சொல்வது? நோட்டீஸ் அடிக்கக் காகிதம் கிடைக்காத காலம். சோணையைக் கூப்பிட்டேன்.

சோணை எங்கள் டாக்கீஸின் நோட்டீஸ் வண்டிக்கு முன்னால் தப்படித்துப் போகிறவன். கண்மாய்க்கரைத் தெருக்காரன், முப்பது வயது இருக்கும். புதுப்படம் வந்தால் அவன் கொட்டுச் சத்தம் கேட்டுத்தான் ஊர் ஜனம் வாசலுக்கு வரும். அவனுக்கு வேறு ஒரு வேலையும் இருந்தது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வெளியூரில் இருக்கிற சொந்தபந்தங்களுக்குக் கால்நடையாகப் போய்க் கேதம் சொல்லிவிட்டு வருவது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

செய்தியைச் சொன்னேன். அவன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"சுத்துப்பட்டு அஞ்சு ஊருக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துடு, சோணை. அபரஞ்சி செத்துப்போச்சுன்னு சொல்லு, ஆட்டம் இல்லேன்னு அவாளே புரிஞ்சுப்பா."

"கொட்டோட போகவா சாமி, கொட்டு இல்லாமப் போகவா?"

செத்த செய்திக்குக் கொட்டு என்ன வேண்டியிருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. "கொட்டு வேண்டாம். சும்மாப் போ" என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சரி என்று தலையாட்டினான். போகிறவன் வாசல் படல்வரைக்கும் போய்த் திரும்பி வந்தான்.

"சாமி, அஞ்சு ஊருக்கும் சொல்லுதேன். எங்க தெருவுக்கு மட்டும் சொல்ல மாட்டேன். நீங்களும் இங்கிட்டு யாரும் சொல்லிறாமப் பாத்துக்கிறணும்."

"ஏண்டா?"

"அன்னக்கொடிக்கு எட்டு மாசம்."

அன்னக்கொடி அவன் மனைவி. போன வாரம் வரைக்கும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தினம் ஆட்டத்துக்கு வந்தவள். மண்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்காருவாள். அபரஞ்சி பேசுவதற்கு முன்னால் அந்த வசனத்தை இவள் பேசிவிடுவாள் என்று பக்கத்துப் பெண்கள் சண்டை பிடிப்பார்கள். இனிமேல் கரைமேல் நடக்கக் கூடாது என்று மருத்துவச்சி சொன்ன பிறகுதான் நின்றாள்.

"இதுக்கு முந்தி ரெண்டு தங்கல சாமி" என்றான் சோணை. "இந்தச் சேதி கேட்டா அவ தாங்க மாட்டா. புள்ள பொறந்த பெறகு நானே சொல்லிக்கிறேன்."

அவன் குரலில் இருந்த பயம் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆபரேட்டர், காவலாள் எல்லோரையும் கூப்பிட்டு, கண்மாய்க்கரைத் தெருவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன். சோணை ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு கண்மாய்க்கரையோடு போனான். அத்தோடு காரியம் முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் இப்படித்தான், காரியம் ஆரம்பிக்கிற இடத்தில் முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். டிக்கெட் அறையில் உட்கார்ந்து அபரஞ்சியின் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கண்மாய்ப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் கரை நெடுகப் பெண்கள். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, ஊர் ஊராகக் கூட்டம் பிரிந்து வந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்னாலும் ஒருத்தி தாம்பாளம் ஏந்தி வந்தாள். தாம்பாளத்தில் புதுச்சேலை, மஞ்சள், பூ. பின்னால் ஆண்கள் தலையில் துண்டோடு வந்தார்கள்.

முதலில் வந்தது கூத்தியார்குண்டுக் கூட்டம். முன்னால் வந்தவள் முருகம்மாள். ஐம்பது வயதிருக்கும், கட்டைக் குரல். ஆட்டத்துக்கு வந்தால் முதல் வரிசை மணலை யாருக்கும் விடமாட்டாள். படலைத் தாண்டி வந்து என்னைக் கேட்டாள்.

"எடுத்தாச்சா?"

"எதை?"

"என்னத்தன்னு கேக்கிறீக? எம் மகள எங்க போட்டிருக்கீக?"

அபரஞ்சி பட்டணத்தில் செத்தாள், அங்கேயே தகனம் முடிந்துவிட்டது, இங்கே ஒன்றும் இல்லை என்று திக்கித் திணறிச் சொன்னேன். அதற்குள் மற்ற ஊர்க் கூட்டமும் வந்து சேர்ந்துவிட்டது. நான் சொன்னதைப் பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். அழுகை நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப எதுக்கு ஆள் விட்டீக?" என்றாள் முருகம்மாள்.

கூட்டத்தில் இருந்த முத்திருளன் என்ற பெரியவர்தான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். கொட்டோடு வந்து சொன்னால் அது ஊருக்குச் சொல்கிற செய்தி, கேட்டுவிட்டு உச்சுக்கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கொட்டில்லாமல், கம்பை ஊன்றி, துண்டை இடுப்பில் கட்டி ஒருத்தன் வாசலில் வந்து நின்று பெயரைச் சொன்னால் அது கேதம். கேதம் சொந்தத்துக்குத்தான் சொல்வார்கள். கேட்டவன் போகாமல் இருந்தால் அந்த உறவே அறுந்துபோகும்.

"நம்மளையும் ஒரு ஆளா மதிச்சுக் கேதம் சொல்லி விட்டிருக்காகளேன்னு நெனச்சோம் சாமி" என்றார் அவர். "ராத்திரி எந்த வீட்டுலயும் அடுப்புப் பத்த வைக்கல."

துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ஒரு புதுச்சேலைக்கு நாள் கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். அந்த ஐந்து தாம்பாளத்திலும் இருந்தது பிறந்த வீட்டுக் கோடி. செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கடைசியாகப் போர்த்துகிற சேலை. எவள் தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்ததோ, எவள் தீபாவளிக்கு வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்ததோ. என் அவசரபுத்தியால் வந்த வினை. மண்ணுக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

முருகம்மாள் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். திரை மேலே சுருட்டிக் கட்டியிருந்தது.

"அந்தத் துணிய எறக்கிவிடச் சொல்லுங்க" என்றாள். "பட்டணம் எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க அவளப் பாத்தது இங்கதான்."

ஆபரேட்டர் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். திரையை இறக்கினான். பகல் வெளிச்சத்தில் அது அழுக்கேறிய வெறும் துணி, ஓரத்தில் ரெண்டு ஒட்டு. அதன் அடியில் மணலில் ஐந்து கோடிச் சேலைகளையும் வரிசையாக வைத்தார்கள். ஆண்கள் படலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள்.

நான் பெஞ்சுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் அபரஞ்சியைத்தான் பாடினார்கள். அவள் மூக்கைத் துடைத்ததைப் பாடினார்கள், காதில் போட்டிருந்த லோலாக்கைப் பாடினார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டு எங்கேயோ திரும்பிவிட்டது. முருகம்மாள் பர்மாவுக்குப் போய்த் திரும்பி வராத தம்பியைப் பாடினாள். இன்னொருத்தி காலராவில் போன புருஷனைப் பாடினாள். ஒருத்தி பாட, மற்றவர்கள் கடைசி வரியை வாங்கி அழுதார்கள். என் அப்பா செத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு வந்தது. சொல்ல வெட்கம் இல்லை.

சோணை எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன், திடீரென்று வெளியே ஓடினான்.

கரையிலிருந்து அன்னக்கொடி இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஐந்து ஊர்ப் பெண்களும் அவள் தெரு வழியாகத்தான் அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள். யாருக்கு இந்தக் கோடி என்று அவள் கேட்டிருக்கிறாள். கேட்டவளுக்குச் சொல்லாமல் போவார்களா? ஊரெல்லாம் வாயை அடைத்து வைத்தேன். வருகிற வழியை யோசிக்கவில்லை. சோணையாவது யோசித்திருக்கலாம். கேதம் சொன்னால் ஜனம் வரும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவனும் என்னைப் போலத்தான், பயத்தில் அவனுக்கு வீடு ஒன்றுதான் கண்ணில் இருந்திருக்கிறது.

படல் வாசலில் அவளை மறித்துக்கொண்டு நின்றான். "வேண்டாம் புள்ள. வீட்டுக்குப் போ."

அவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றி மூச்சு வாங்கினாள். "ஊருக்கெல்லாம் சொன்னியாமே. எனக்குச் சொல்லல."

"உன் நல்லதுக்குத்தான்."

உள்ளேயிருந்து முருகம்மாளும் எழுந்து வந்தாள். "புள்ளத்தாச்சி கேத வீட்டுக்குள்ள வரக் கூடாது தாயி. அங்கிட்டே நின்னு அழுதுட்டுப் போ."

"பொணம் இருக்கா?" என்றாள் அன்னக்கொடி.

முருகம்மாள் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொணம் இல்லாத வீட்டுல தீட்டு எங்கேருந்து வரும்? வழிய விடுங்க."

சோணை கையை எடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். வயிற்றில் இருக்கிற அந்த ஒன்றை எப்படியாவது உயிரோடு கையில் வாங்கிவிட வேண்டும், அதற்காக யார் காலில் வேண்டுமானாலும் விழுவான் போல இருந்தது. அவள் அவன் கையை ஒன்றும் செய்யவில்லை. அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கடைசியில் அவனாகவே கையை இறக்கினான்.

அவள் நேராகப் போய் தன் வழக்கமான இடத்தில், மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். முதலில் அழவே இல்லை. பெண்கள் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். ரெண்டு சுற்று போயிருக்கும். யாரும் எதிர்பார்க்காதபோது அவள் குரல் எழும்பியது.

"பதினோரு நாளு இருந்த
பச்ச மண்ணு தங்கப்பொண்ணே
பாலு கட்டிக் கல்லாகப்
பாயில நான் கெடந்தேனே."

மற்றப் பெண்கள் கடைசி வரியை வாங்கவில்லை. தங்கப்பொண்ணு யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை.

"தூளிக்குக் கயிறு வாங்கச்
சந்தைக்குப் போன அப்பன்
மம்பட்டி இரவல் வாங்கி
மடை தாண்டிப் போனதென்ன."

என் பக்கத்தில் சோணை மெல்லக் கீழே உட்கார்ந்தான். முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பச்சைக் குழந்தை செத்தால் அங்கே யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. கோடி இல்லை, கேதம் சொல்வதில்லை. விடிவதற்குள் கண்மாய் மடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து, அடுத்தது தங்கும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அழுதால் அடுத்ததும் தங்காது என்று ஒரு பயம் வேறு. பக்கத்து வீட்டுக்காரி அழ விடமாட்டாள், மாமியார் அழ விடமாட்டாள். எல்லார் வீட்டுச் சாவையும் பத்து மைல் நடந்துபோய்ச் சொல்கிற சோணை, தன் வீட்டில் விழுந்த ரெண்டு சாவையும் யாரிடமும் சொன்னதில்லை. குழந்தைக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

முருகம்மாள் எழுந்து போய் அன்னக்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் கை போட்டு அவள் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். அன்னக்கொடி அடுத்த வரியில் பேர் வைக்காமலே போன ரெண்டாவதையும் சொன்னபோது முருகம்மாளின் கட்டைக் குரல் அதை வாங்கியது. அப்புறம் எல்லோரும் வாங்கினார்கள். வெயில் கூடாரத்துக்கு மேல் ஏறும்வரைக்கும் அந்த ஐந்து ஊர்ப் பெண்களும் தங்கப்பொண்ணுக்காக அழுதார்கள். திரை காற்றில் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அபரஞ்சி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிற்பகலில் எல்லோரும் கண்மாயில் தலைமுழுகிவிட்டுப் புறப்பட்டார்கள். கோடிச் சேலையைத் திருப்பி எடுத்துப்போகும் வழக்கம் இல்லை. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நாலு சேலையைக் கோயில் வாசலில் இருக்கிற ஏழைப் பெண்களுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். ஐந்தாவதை முருகம்மாளே எடுத்து, அன்னக்கொடி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ரெண்டாகக் கிழித்தாள்.

"ஒண்ணு தங்கப்பொண்ணுக்கு, ஒண்ணு பேரு வைக்காததுக்கு" என்றாள். "மடைக்கு அங்கிட்டு எந்த எடம்னு உம் புருசனுக்குத் தெரியும்ல, போட்டுட்டு வரச் சொல்லு."

மறுநாள் காலை நான் டாக்கீஸைத் திறந்தபோது படலுக்கு வெளியே சோணை நின்றுகொண்டிருந்தான். கையில் கம்பு. துண்டு இடுப்பில். கொட்டு இல்லை. நேற்று அவளைத் தடுக்காமல் நின்றவன் நான்தான், அந்தப் பாவம் என்னைச் சேர்ந்ததுதான் என்று ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது.

"அன்னக்கொடி?" என்றேன்.

"நல்லா இருக்கா சாமி. ராத்திரி அம்புட்டு நேரமும் தூங்கினா. இப்பக் கஞ்சி குடிச்சிட்டு ஒக்காந்திருக்கா. புள்ள அசையுதுன்னு சொன்னா."

"அப்புறம் எதுக்குடா இந்தக் கோலம்?"

அவன் படலைத் தாண்டி உள்ளே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"சாமி, எம் மக தங்கப்பொண்ணு தவறிப்போச்சு. பதினோரு நாளு இருந்துச்சு. நாலு வருசமாச்சு. அதுக்கு அடுத்தது பையன். மூணு நாளு. பேரு வைக்கல."

என்னையும் சொந்தமாக நினைத்துச் சொல்லியிருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவன் அதைப் பார்த்தான்.

"அஞ்சு ஊருக்கும் போறேன். சாயங்காலம் வந்து வண்டிக்குக் கொட்டடிக்கிறேன்" என்றான்.

"முதல்ல எந்த ஊர்?"

"தென்பழஞ்சி. அன்னக்கொடி பொறந்த ஊரு. அவ அப்பனும் ஆத்தாளும் அங்கதான் இருக்காக."

"அவாளுக்கு இத்தனை நாள் தெரியாமலா இருக்கும்?"

"தெரியும் சாமி" என்றான் சோணை. "யாரும் போய்ச் சொன்னதில்ல."

கம்பை ஊன்றிக்கொண்டு கண்மாய்க்கரையில் ஏறி மேற்கே நடந்தான்.